ரதி சாட்சிக்கு வரவில்லை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கோர்ட்டில் இருக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். கைதி, களவுபோன மாடு, பெஞ்சுக்கடியில் தூங்கும் நாய் எல்லாருமே கோர்ட்டில்தான் இருக்கிறார்கள் என்பதால் அது பொய்யாகாது. உண்மையில் நான் நுவரெலியாவில் புரக்டர் என்கிற வக்கீல் ஒருவரின் கிளார்க். முகம் வாடி பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆளைப் பார்த்து, "வழக்குங்களா? இப்புடி வாங்க" என்று கூட்டி வருவதும், ஐயாவின் கறுப்புக் கோட்டை மழையிலிருந்து காப்பாற்றி என் முதுகை நனைத்துக்கொள்வதும் என் உத்தியோகம். தோட்டத்துச் சனங்கள் என்னை 'அரை வக்கீல்' என்பார்கள். என் தங்கை மட்டும் அந்த 'அரை'யைச் சேர்த்துச் சொன்னதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

தங்கையைக் கட்டிக்கொடுத்தது டயகமப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். மச்சான் தேயிலை பெக்டரியில் காவல்காரர். வருசம் முழுவதும் அவர் வாயிலிருந்து விழுகிற வார்த்தைகளைக் கொட்டிப் பார்த்தால் அரிசி அளக்கிற ஒரு சுண்டு நிறையாது. ஆனால் மாசி மாசம் பிறந்து காமன் கூத்து வந்துவிட்டால் அவர்தான் ரதி. மீசையை மழித்து, சேலை கட்டி, எரிந்துபோன மன்மதனுக்காக அவர் அழ ஆரம்பித்தால் அடுத்த தோட்டத்துப் பெண்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள்.

அந்தக் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தவத்தில் இருக்கிற சிவன் மேல் மன்மதன் பூ அம்பு விடுகிறான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து எரித்துவிடுகிறார். ரதி மன்றாடி அவன் உயிரைத் திரும்ப வாங்குகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை: இனிமேல் அவன் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். கோர்ட்டுப் பாஷையில் சொன்னால் அது ஒரு நிபந்தனை மன்னிப்பு. சிவன் அதைப் பிறகு வாபஸ் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

மச்சான் மாட்டிக்கொண்டது தேயிலை மூட்டை வழக்கில். பெக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஏற்பாடு செய்வார். லொறி டிரைவர் விறகுக்கு அடியில் மூட்டைகளை மறைத்துக் கொண்டுபோவார். மச்சான் கதவைத் திறந்துவிட்டு மூட்டையைத் தூக்கிக் கொடுப்பார். ஒருநாள் பொலிஸ் லொறியை மறித்தது. மூன்று பேரையும் பிடித்தார்கள். டீமேக்கர் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். டிரைவர் தனக்கு விறகு மட்டும்தான் தெரியும் என்றார். மச்சான், பொலிஸ்காரர் கேள்வியை முடிப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அரசாங்க வக்கீலுக்கு டீமேக்கர்தான் வேண்டும். அவருக்கு எதிராக மச்சான் வாயைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதனால் மச்சானை அரசாங்கத் தரப்புச் சாட்சியாக்கி மன்னிப்புக் கொடுப்பதாக முடிவானது. கோர்ட்டில் அதை வாசித்தார்கள். மொழிபெயர்க்கிற முதலியார் எழுந்து, "முழுமையும் மெய்யுமான வெளிப்படுத்துகையைச் செய்யும் நிபந்தனையின்பேரில்" என்று ஆரம்பித்தார். மச்சான் என் பக்கம் சாய்ந்தார்.

"என்னா மச்சான் சொல்றாரு?"

"நடந்தத அப்புடியே சொல்லணும். ஒண்ணையும் மறைக்கக் கூடாது. சொன்னா ஜெயிலு இல்ல."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

வெளியே வராந்தாவில் தங்கை நின்றிருந்தாள். அவள் ஜெயிலைப் பற்றிக் கேட்கவில்லை. "அண்ணே, காம்பரா?" என்றாள்.

அதுதான் விசயம். தோட்டத்து வேலைப் பதிவில் புருசன் பேரை வெட்டினால் பெண்சாதி பேரையும் சேர்த்து வெட்டுவார்கள். பேர் போனால், வரிசை வீடான லயத்தில் தோட்டம் கொடுத்திருக்கிற அறை, அந்தக் காம்பராவும் போகும். எங்கள் சனம் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு, இந்த நாட்டு ஆளா அந்த நாட்டு ஆளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த காலம் அது. அந்த ஒற்றைக் காம்பராவை விட்டால் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் போக ஓர் இடமில்லை.

"காம்பராவுக்கு ஒண்ணும் ஆகாது புள்ள" என்றேன். கோட்டுப் போடாத குறைதான்.

அவள் அந்த இடத்திலேயே, வெற்றிலை துப்பிய சுவரைப் பார்த்துக் கைகூப்பி வேண்டிக்கொண்டாள். அந்த வருசம் மச்சான் ரதிக்குக் காப்புக் கட்டி, ஒரு குறையும் இல்லாமல் விரதம் இருந்து ஆடி முடிப்பார் என்று நேர்த்தி. நானும் சும்மா இருக்கவில்லை. என் மனைவியின் கூறைச் சேலையை ரதிக்கென்று தூக்கிக் கொடுத்தேன். என் மனைவி அதை இன்றுவரை மன்னிக்கவில்லை, நிபந்தனையோடுகூட.

காப்புக் கட்டினால் காமன் எரிகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. வழக்குத் தேதியைப் பார்த்துத்தான் சரி என்றேன். காமன் எரிந்து சாம்பல் ஆறியபிறகுதான் வழக்கு. எல்லாம் கச்சிதமாக இருந்தது. பிறகு ஜட்ஜுக்கு மாற்றம் வந்தது. போவதற்கு முன் கையில் உள்ளதை முடிக்கிறேன் என்று அவர் தேதியை முன்னால் இழுத்தார். இழுத்த தேதி நேராகக் கூத்தின் நடுவில் வந்து விழுந்தது. மச்சான் கையில் மஞ்சள் கயிறு ஏற்கெனவே ஏறியிருந்தது.

சமன்ஸ் போவதற்கு முன்னால் நான் போய்விட வேண்டும் என்று பஸ் ஏறினேன்.

அந்தத் தோட்டத்தின் எல்லை ஒரு பாலம். கீழே ஆறு என்று சொன்னால் கோபித்துக்கொள்கிற அளவுக்கு ஒரு சின்ன ஓடை. பாலத்தைத் தாண்டி மேலே ஏறினால் காமன் பொட்டல், பக்கத்தில் ஒரு கொட்டகை. மச்சான் அங்கேதான் தனியாக இருந்தார். மீசை போய்விட்டது. புருவம் மெலிந்து, முகத்தில் மஞ்சள் அப்பியிருந்தது. என் மனைவியின் கூறைச் சேலையை மடியில் போட்டு அதன் ஓரத்தில் சரிகை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். சாப்புட்டீங்களா?"

"நாளன்னைக்கு வழக்கு மச்சான்."

"வழக்கு பங்குனியிலதானே?"

"மாத்திட்டாங்க. ஜட்ஜு மாறிப் போறாரு."

"அப்ப நீங்க திருப்பி மாத்திருங்க."

"நான் எங்க மாத்துறது? நான் யாரு?"

"வக்கீலு."

"அரை வக்கீலு."

"அப்ப பாதித் தூரமாச்சும் தள்ளுங்க."

எங்கள் குடும்பத்தில் ஜோக்கர் நான்தான். அன்றைக்கு அந்த வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"மச்சான், நீங்க வரலேன்னா மன்னிப்ப வாபஸ் வாங்கிருவாங்க."

"குடுத்தத எப்புடி வாங்குவாங்க?"

"இது நிபந்தனையோட குடுத்தது."

"உண்மைய சொல்லணும்ங்கிறதுதானே நிபந்தனை? நீங்கதானே சொன்னீங்க. நான் சொல்ல மாட்டேன்னா சொல்றேன்? காமன் எரிஞ்சு காப்ப அவுத்த மறுநாளே வந்து நிக்கிறேன். விடிய விடியக் கேக்கட்டும். சொல்றேன்."

அதற்குள் தங்கை வந்துவிட்டாள். விரதக்காரருக்கு எட்ட நின்று, சுவரோடு ஒட்டிக்கொண்டு பேசினாள்.

"அண்ணே, அந்த மன்னிப்பே நேர்ந்துக்கிட்டதாலதான் வந்துச்சு. இப்ப சாமிய ஏமாத்திட்டுக் கோர்ட்டுல போயி நிக்கச் சொல்றீங்களா?"

"நேர்ந்துக்கிட்டது மன்னிப்புக் கெடைச்சதுக்கு அப்புறம் புள்ள."

"மனசுல அதுக்கு முன்னயே நேர்ந்துக்கிட்டேன்."

இதற்குக் குறுக்கு விசாரணை கிடையாது.

"காம்பரா போயிரும்" என்றேன்.

அவள் லயத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இவரு பாலத்தைத் தாண்டி, நாளைக்கு இந்த லயத்துல ஒரு புள்ளைக்கு அம்மை போட்டுருச்சுன்னா? அப்ப காம்பரா இருந்துதான் என்னா? யாரு மொகத்துல முழிச்சுக்கிட்டு அதுல இருக்கிறது?"

எனக்குச் சட்டம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அம்மைக்கு அதில் ஒரு பிரிவும் இல்லை. எரிச்சலோடு கோயில் தலைவரிடம் போனேன். கூத்து நடத்துகிறவர் அவர்தான். அவர் வாயால் 'போ' என்று வந்தால் மச்சான் போவார்.

தலைவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருந்த திட்டத்தை அவிழ்த்தேன்.

"தலைவரே, தோட்டத்து மண்ண ஒரு சாக்குல அள்ளிக்குவோம். கார்ல அந்தச் சாக்கு மேலயே உக்காந்து வரட்டும். கோர்ட்டுலயும் அத கீழ கொட்டி அதும்மேல நிக்க வைப்போம். அப்ப அவரு தோட்டத்து மண்ணுலதானே நிக்கிறாரு?"

தலைவர் வெகுநேரம் மென்றார்.

"சாக்கால வந்த வழக்கு. அதுக்கு இன்னொரு சாக்கா?"

"இல்லீங்க, சும்மா ஒரு—"

"சாமிக்கு எல்லை எதுன்னு தெரியாதா தம்பி? சாமி என்னா புதுசா வந்த தொரையா?" துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு இருக்கு. அவனா காலெடுத்து வச்சாத்தான் குத்தம். வேற ஆளு புடிச்சுத் தூக்கிட்டுப் போனா அவன் மேல குத்தமில்ல. காப்பும் கெடாது. எங்கப்பா காலத்துல காப்புக் கட்டின மன்மதன வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு. கீழ்த் தோட்டத்துல போயி ஒதுங்கினான். நாங்க தூக்கியாந்து நிறுத்தி, துணிய மாத்தி, ஆட வச்சோமே."

கோர்ட்டில் நான் கேட்டிருக்கிற முன் தீர்ப்புகளில் இதைவிட மோசமானவை உண்டு. எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. ஒரு ஜீப்பும் இரண்டு பொலிஸ்காரரும் போதும். மச்சானைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அவர் சாட்சி சொல்வார், தூக்கிக்கொண்டு வந்து விடுவார்கள், அவர் ரதி ஆடுவார். காம்பரா நிற்கும். சட்டத்துக்கும் சாமிக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டுவிட்டேன் என்ற பெருமையோடு நுவரெலியா போய் இறங்கினேன்.

முதலில் என் புரக்டர் ஐயாவிடம் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கூத்தென்றால் சுருட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறவர். அன்றைக்கு வைக்கவில்லை.

"உம்மட மச்சானுக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ? அரசாங்கம் கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்குது. இவர் வாசல்படிக்குப் பூசை செய்யிறார்."

"தூக்கிட்டு வந்தா வருவாருங்க ஐயா."

"நீரே போய் அரசாங்க வக்கீலிட்டைச் சொல்லும். நான் சொன்னால் எனக்கும் பிழைச்சுப் போச்செண்டு நினைப்பார்."

அரசாங்க வக்கீல் கோர்ட்டு வராந்தாவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனுசன். அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம். என் இங்கிலீசை இடையில் ஒருதரம்கூட திருத்தாமல் முழுவதையும் கேட்டார்.

"அப்படியானால் அவர் வர மறுக்கிறார்."

"மறுக்கவில்லை சேர். காலெடுத்து வைக்கத்தான் முடியாது. ஜீப் அனுப்பித் தூக்கிவரச் சொல்லுங்கள். கனமில்லாத ஆள்."

அவர் கோப்பையை வைத்தார். "பொலிஸ் தூக்கிக்கொண்டு வந்த சாட்சியை வைத்து நான் என்ன செய்வது? அடித்து உதைத்துச் சொல்ல வைத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் முடித்துவிடுவார். மன்னிப்புப் பெற்றவர் தன் சொந்த விருப்பத்தோடு வந்து சொல்ல வேண்டும். அதுதான் அதன் அர்த்தமே."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தலைவர் சொன்னதிலும் இல்லை. விருப்பத்தோடு வந்தால் தோட்டத்தில் குற்றம். விருப்பமில்லாமல் வந்தால் கோர்ட்டில் குற்றம். இரண்டு பக்கமும் நியாயமாகப் பேசுகிறவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவன் படுகிற அவஸ்தையை நான் எந்தப் பகையாளிக்கும் விரும்ப மாட்டேன்.

"தேதியையாவது கொஞ்சம் தள்ள முடியுமா சேர்?"

"ஜட்ஜிடம் என்ன சொல்வது? என் சாட்சி பெண் வேசத்தில் இருக்கிறார் என்றா?" பிறகு முகம் மாறியது. "இந்தத் திருவிழாவுக்கு டீமேக்கர் ஏதாவது கொடுக்கிறாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் முழுமையும் மெய்யுமாகப் பேசுகிற வியாதி எனக்கும் தொற்றியிருந்தது. "எல்லா வருசமும் சமையலுக்கு அரிசி கொடுப்பார் சேர்" என்றேன்.

"அப்படியா" என்றார் அவர்.

அந்த 'அப்படியா'வில் எங்கள் காம்பராவின் கதவு சாத்தப்படுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவசரத்தில் ஒரு ஜோக்கை எடுத்து விட்டேன். "சேர், சாட்சியை விலைக்கு வாங்குகிறவன் காசு கொடுப்பான், சேலையா கொடுப்பான்? அந்தச் சேலையும் என் மனைவியுடையது." தேத்தண்ணிக் கடைகளில் இதற்குச் சிரித்திருப்பார்கள். கோர்ட்டு வராந்தாவில் அது என்னையும் சந்தேகத்துக்குரியவனாக்கியதோடு சரி.

வழக்கு நாளில் மச்சான் பேரை மூன்று தரம் கூவினார்கள். வராந்தாவில் ஒரு நாய் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்தது. அரசாங்க வக்கீல் எழுந்து, சாட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது, நிபந்தனையை அவர் மீறிவிட்டார், ஆகவே மன்னிப்பை வாபஸ் வாங்க நடவடிக்கை எடுக்கப்படும், அவரும் மற்றவர்களோடு குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டும் என்றார். அதைச் சொல்லி முடிக்க, ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. கூண்டுக்குள் நின்ற டீமேக்கர் வெள்ளைச் சட்டையின் கை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். வழக்கை ஒத்திவைத்துப் பிடியாணை எழுதினார்கள்.

மறுநாள் ஜீப் வந்தது. சாட்சியைக் கூட்டிவர ஓடாத ஜீப், குற்றவாளியைப் பிடிக்க மலையே அதிரும்படி ஓடியது. வழி காட்டுவதற்கு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே ரோட்டு, அதே ஜீப், நான் கேட்ட அதே இரண்டு பொலிஸ்காரர்.

மச்சான் மஞ்சள் முகத்தோடு தானாகவே பாலம் வரைக்கும் நடந்து வந்தார். அந்தப் பக்கத்துக் கடைசிப் பலகையில் நின்றுகொண்டார்.

"ராளாமி, மாவ உஸ்ஸண்ட" என்றார். பொலிஸ் ஐயா, என்னைத் தூக்குங்கள் என்று சிங்களத்தில் அவருக்குத் தெரிந்த மட்டும் சொன்னார்.

பொலிஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். தடித்தவர் என்னிடம் திரும்பி, இது என்ன கூத்து என்று கேட்டார். நான் "பாரயக் ராளாமி" என்றேன். நேர்த்தி என்று சொல்ல அவர்கள் பாஷையில் அதுதான் சொல். அவ்வளவுதான். அவர் சிரிப்பை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, கோயிலில் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மச்சானைத் தூக்கி, பாலத்தைக் கடந்து, கால் தரையில் படாமல் ஜீப்புக்குள் வைத்தார். நான் இங்கிலீசில் அத்தனை நேரம் பேசி ஏற்ற முடியாததை ஒரு சொல் ஏற்றிவிட்டது. ஆனால் மன்னிப்பைக் கொடுக்கிற அதிகாரம் அந்தத் தடித்த ராளாமியிடம் இல்லை.

பாலத்தடியில் நின்ற தலைவர், இனி ரதிக்கு யாரைப் பிடிப்பது என்ற கவலையில் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் தொந்தியில் அவர் பார்வை நின்றது. நான் சட்டென்று ஜீப்பில் ஏறிக்கொண்டேன்.

காமன் எரிந்து, புது ஜட்ஜ் வந்து, வழக்கு நடந்தபோது மச்சானுக்கு எந்தத் தடையும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லத் தயாராக வந்து நின்றார். ஐயா அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இனி நீர் வாயைத் திறக்கப்படாது. நீர் இப்ப சாட்சி இல்லை. சொல்லுற ஒவ்வொரு சொல்லும் உம்மட கழுத்துக்குத்தான் வரும்."

மச்சான் என்னைப் பார்த்தார். "அன்னைக்கு வந்து சொல்லுன்னாங்க. இன்னைக்குச் சொல்ல வந்தா சொல்லாதங்கிறாரு. இவங்களுக்கு என்னாதான் மச்சான் வேணும்?"

என்னிடம் பதில் இருந்தால் நான் எப்போதோ முழு வக்கீலாகியிருப்பேன்.

அவர் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை முதலியார் ரேசன் அரிசி விலையை வாசிக்கிற குரலில் வாசித்தார். அது அவருக்கு எதிராக மட்டும் செல்லும், மற்ற இரண்டு பேருக்கு எதிராகச் செல்லாது என்று சட்டம். டீமேக்கரும் டிரைவரும் விடுதலை. உண்மையைச் சொன்ன ஒரே ஆளுக்கு, அடுத்த மாசியும் தாண்டிப் போகிற மாதிரி ஜெயில்.

தோட்டத்து ஆபிஸ் காத்திருக்கவில்லை. தங்கை பேரையும் வெட்டினார்கள். ஒரு மத்தியானம் அவள் பிள்ளைகளோடும் அலுமினியப் பானைகளோடும் ஓர் அம்மிக்கல்லோடும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் வீடு என்பது ஓர் அறை. அதில் பாதியை என் மனைவியின் கோபம் ஏற்கெனவே அடைத்திருந்தது.

"அம்மிய எதுக்குப் புள்ள தூக்கியாந்த?"

"காம்பராவத்தான் தூக்க முடியல" என்றாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருப்பேன். எப்போதாவது சோறு வைக்கும்போது, யாரையும் பார்க்காமல், "அண்ணே, உண்மைய சொல்லணும்னுதானே சொன்னாங்க? எப்பன்னு சொல்லலியே?" என்பாள். நான் கரண்டியை வைத்துவிட்டு விளக்குவேன். சமன்ஸ் என்றால் என்ன, விருப்பம் என்றால் என்ன, நிபந்தனை என்றால் என்ன என்று படிப்படியாகச் சொல்வேன். கேட்டுவிட்டு, "சரி, ஆனா எப்பன்னு சொல்லலியே" என்பாள். கொஞ்ச நாளில் எனக்கே அது சரியென்று படத் தொடங்கியது. அதற்குப் பிறகு கோர்ட்டில் முதலியார் 'நிபந்தனையின்பேரில்' என்று ஆரம்பித்தால் நான் வெளியே போய்விடுவேன்.

மச்சான் வெளியே வந்த அன்று கையில் ஒரு கடுதாசிப் பொட்டலம் இருந்தது. அவருடைய சட்டை, வேட்டி, ஒரு சீப்பு. அவற்றோடு அந்த மஞ்சள் கயிறும். உள்ளே போகும்போது அதை அவிழ்க்காமல் கத்தரித்து எடுத்து வைத்திருந்தார்கள். அவருக்கு ஜெயிலில் இருந்ததைவிட இதுதான் பெரிய கவலையாக இருந்தது.

"அவுக்கலயே மச்சான். வெட்டிட்டாங்களே. காப்பு இன்னும் முடியல."

அடுத்த நாளே டயகம பஸ் ஏறினோம். அவரும் தங்கையும் நானும். பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுக் காவல்காரர் ஒருவர் தொப்பியோடு நின்றார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. தொரை உத்தரவு. உங்கள உள்ள விடக்கூடாது."

ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துக் கடைசிப் பலகையில் நின்று வெளியே வர மாட்டேன் என்றவர், இப்போது இந்தப் பக்கத்து முதல் பலகையில் நின்றார். "தூக்கிட்டுப் போனா குத்தமில்ல, தூக்கவா?" என்று கேட்டேன். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

யாரோ போய்ச் சொல்லித் தலைவர் இறங்கி வந்தார். பாலத்து நடுவில் நின்று சூடம் காட்டினார். "வெட்டினது அவங்க. அதுக்கு நீ பொறுப்பில்ல" என்று சொல்லிக் கயிற்றை வாங்கி, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, கீழே ஓடையில் விட்டார். அது ஒரு கல்லில் தங்கி, பிறகு போனது. மச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"இப்ப சொல்றேன்" என்றார்.

"என்னா சொல்றீங்க?"

"காப்பு அவுத்ததும் சொல்றேன்னு சொன்னேன்ல மச்சான்."

சொன்னார். வருசத்துக்கு ஒரு சுண்டு வார்த்தை பேசுகிற மனுசன், ரதியின் பாட்டு இல்லாமல், அழுகை இல்லாமல், சொல்லிக்கொண்டே போனார். டீமேக்கர் மாடிப்படியில் நின்று கையால் காட்டியது. டிரைவர் இருமி இருமி விறகை அடுக்கியது. ஒரு மூட்டை நனைந்திருந்ததால் அதை மட்டும் வேண்டாம் என்று திருப்பியது. தனக்குக் கிடைத்தது பிள்ளைக்கு ஒரு சட்டைத்துணி. காவல்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். தலைவர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அந்தத் துணி எங்கேர்ந்து வந்துச்சுன்னு இவ கேட்டா. நான் சொன்னேன். வேண்டாம், இனிமே போகாதீங்கன்னா. நான் போனேன். அப்புறம் இவ கேக்கல."

பொலிஸிலும் வக்கீலிடமும் அவர் சொல்லாத ஒரே சங்கதி அதுதான். நான் தங்கையைப் பார்த்தேன்.

"ஆமா அண்ணே" என்றாள். "கோர்ட்டுல சொல்லும்போது அதையும் சொல்லணும்னு பேசி வச்சிருந்தோம்."

மேட்டு லயத்தில் அவள் காம்பராக் கூரைக்கு மேலே யாரோ மூட்டிய அடுப்பின் புகை போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். மச்சான் இன்னும் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்புட்டுதான் மச்சான்."

வளைவில் திரும்புகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நாங்கள் ரோட்டைப் பார்த்து நடந்தோம்.